அப்பா பெயரில் கார்... மகன் ஓட்டினால் இன்சூரன்ஸ் கிடைக்குமா?

அடையாறில் உள்ள அப்பாவின் காரை தி.நகருக்கு ஓட்டிச் சென்ற மகன், எங்காவது இடித்துவிட்டால் கிளைம் கிடைக்குமா? பாலிசியில் மகன் பெயரே இல்லையே?

பெயர் தேவையா?

தேவையில்லை. அமெரிக்காவில் வீட்டில் யார் யார் ஓட்டுவார்கள் என்று கேட்பார்கள். இங்கே பாலிசி காருக்குத்தான். ஓட்டுபவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்கணும், குடித்திருக்கக் கூடாது.

சிக்கல் எங்கே?

ரூ.15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு ஓனருக்கு மட்டும்தான். விபத்தில் மகன் இறந்தால் அந்தப் பணம் வராது. இரவல் வண்டி ஓட்டுபவர் ஓனரின் இடத்தில் இருப்பவர் என்று 2009-ல் நிங்கம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதனால் மூன்றாம் நபர் இழப்பீடும் சிக்கல்தான்.

என்ன செய்யலாம்?

வண்டி ஓட்டும் ஒவ்வொருவருக்கும் தனியாக விபத்துக் காப்பீடு எடுத்து வைப்பது நல்லது.