குன்னூர் எலியைக் கேட்டால் தெரியும்

"நமக்கு மட்டும் காலையில இட்லி, மத்தியானம் குழம்பு, ராத்திரி தோசை. பூனைக்கு மட்டும் தினமும் அதே பாக்கெட்டா? பாவம்மா!"

"போன வாரம் மாத்திப் போட்டியே, வயித்தால போய் வீடெல்லாம் நாறினது மறந்துபோச்சா?"

பூனை வளர்க்கிற வீட்டில் இந்த வழக்கு ஓயாது. சாட்சி சொல்ல வேண்டிய பூனையோ அடுப்படியில் சுருண்டு தூங்கிக்கொண்டிருக்கும். ஊட்டிக் குளிரில் அதைக் குறை சொல்லவும் முடியாது.

தினமும் ஒரே சாப்பாடா, விதவிதமான சாப்பாடா? இந்தக் கேள்வியைப் பற்றிப் பேச நீலகிரிப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டு. சாப்பாட்டை ஆராயவென்றே ஓர் ஆய்வுக்கூடம் குன்னூரில் இருந்தது. அங்கே பதில் சொன்னது பூனை அல்ல, எலி!

குன்னூர் சிம்ஸ் பூங்காப் பக்கம் போயிருக்கிறீர்களா? அங்கேதான் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. வெறிநாய்க்கடிக்கு மருந்து கொடுப்பதற்காக 1907-இல் தொடங்கியது. அதில் ஒரே ஓர் அறையை வாங்கிக்கொண்டு, 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் வேறொரு வேலையை ஆரம்பித்தார். பெரிபெரி என்ற நோய் ஏன் வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அந்த வேலை. பெரிபெரி வந்தால் கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், இதயம் பலவீனப்படும். வெள்ளை வெளேர் என்று தீட்டிய அரிசியையே நம்பி வாழ்ந்தவர்களுக்குத்தான் அது அதிகம் வந்தது. அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு சேர்ந்து ஒரு சத்தும் போய்விடுகிறது. அதற்குத் தயமின் என்று பெயர். வைட்டமின் பி1 என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்களே, அதுதான். தீட்டிய அரிசி மட்டும் தின்று தயமின் இல்லாமல் போன புறாவின் தலை முதுகுப் பக்கமாக வளைந்துவிடும். இந்தத் தலை வளைகிற சமாசாரத்தை மறந்துவிடாதீர்கள். பின்னால் தேவைப்படும்.

ஓர் அறையில் தொடங்கிய வேலை வளர்ந்து, பிறகு ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடமாகவே ஆயிற்று. மெக்காரிசன் வெள்ளெலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்தார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் இந்தியாவின் ஒவ்வொரு பகுதிச் சாப்பாடு. பஞ்சாபி எலிக்கு முழுக்கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி, எப்போதாவது இறைச்சி. வங்காளத்து எலிக்கு வங்காளிகள் சோறு. 'மதராசி' எலிக்கு நம் ஊர்ச் சோறு. நாள் போகப்போக எடை போட்டுப் பார்த்தால் பஞ்சாபி எலி கொழுகொழு என்று முதலிடம். நம் மதராசி எலி கடைசி இடம்!

கோபம் வருகிறதா? அவர் கொடுத்தது அரிசி மிகுந்து, பால் வகை குறைந்த ஏழைச் சாப்பாடு. விருந்துச் சாப்பாடு கொடுக்கவில்லை என்று நம் கட்சிக்காக வாதாடலாம். ஆனால் அன்று பெரும்பாலோர் சாப்பிட்டது அந்த ஏழைச் சாப்பாட்டைத்தான். எலி பொய் சொல்லவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த சோதனைதான். இங்கிலாந்தில் ஏழைகள் சாப்பிட்டதை எலிகளுக்குக் கொடுத்தார். வெள்ளை ரொட்டி, மார்கரின், சர்க்கரை போட்ட தேநீர், டப்பா இறைச்சி, ஜாம், நன்றாக வேகவைத்த காய்கறி. எத்தனை வகை, எண்ணிப் பாருங்கள். அந்த எலிகள் சரியாக வளரவில்லை. எதற்கெடுத்தாலும் மிரண்டன, பராமரிக்க வந்தவர்களைக் கடித்தன. இரண்டு மாதம் ஆனபோது வலுத்தவை இளைத்தவற்றைக் கொன்று தின்னவே ஆரம்பித்துவிட்டன.

தட்டில் ஆறு வகை இருந்தும் பசி தீரவில்லை என்றால் என்ன அர்த்தம்? வகையை எண்ணிப் பயனில்லை. உடம்பு கேட்கிற சத்தெல்லாம் அதற்குள் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

சரி, பூனையின் உடம்பு என்ன கேட்கிறது? அது கொட்டாவி விடும்போது வாய்க்குள் எட்டிப் பாருங்கள். (விரலை விடாதீர்கள்!) நம் கடைவாய்ப் பல் தட்டையாக இருக்கும், மாவு அரைக்க. பூனையின் கடைவாய்ப் பல் கத்தரிக்கோல்போல் கூராக இருக்கும். தாடை மேலும் கீழும்தான் போகும். மாடு அசைபோடுவதுபோல் பக்கவாட்டில் அரைக்காது. அதனால்தான் பெரிய துண்டு கிடைத்தால் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு நறுக்கித் தின்கிறது. பூனை அசைவம்தான் தின்றாக வேண்டும். அதன் உடம்பே அப்படி.

ஊட்டி கேரட்டை எடுத்துக்கொள்வோம். நாம் தின்றால் அதில் உள்ள ஆரஞ்சு நிறப் பொருளை உடம்பு வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். எலியும் மாற்றும். பூனைக்கு அது முடியாது. ஒரு மூட்டை கேரட் தின்றாலும் பூனைக்கு வைட்டமின் ஏ கிடைக்காது. ஆனால் கேரட் தோட்டத்தில் புகுந்து தின்ற எலி அந்த வைட்டமினைத் தன் ஈரலில் சேர்த்து வைத்திருக்கும். அந்த எலியைப் பூனை தின்றால் போதும், வேலை முடிந்தது.

இன்னொன்று டாரின். இறைச்சியில், முக்கியமாக இதயத்தில், நிறைய இருக்கும் சத்து. நம் உடம்பு தேவையானதைத் தானே செய்துகொள்ளும். பூனையின் உடம்பு போதிய அளவு செய்துகொள்ளாது. டாரின் குறைந்தால் பூனையின் கண்ணுக்குள் விழித்திரை கெட்டுப்போகும் என்று 1975-இல் கண்டுபிடித்தார்கள்.

இப்போது ஒரு சுண்டெலியைப் பாருங்கள். தசையில் புரதம், எலும்பில் கால்சியம், ஈரலில் வைட்டமின் ஏ, இதயத்தில் டாரின், முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர். தினமும் எலியே தின்கிற பூனை பார்வைக்கு ஒரே உணவுதான் தின்கிறது. ஆனால் அதற்கு ஒரு குறையும் இல்லை. ராஜஸ்தானின் சரிஸ்கா காட்டில் காட்டுப்பூனைகளின் எச்சத்தை ஆராய்ந்து பார்த்தார்கள். ஒரு காட்டுப்பூனை நாளொன்றுக்கு 3 முதல் 5 எலி வரை தின்கிறது என்று கணக்கு வந்தது. எலிதான் அதற்குக் காலை, மதியம், இரவு எல்லாமே.

எஸ்டேட் லைன் வீடுகளில் தயிர்ச்சோறும் கருவாட்டுத் தலையும் தின்றே பூனை பல வருடம் நன்றாக வாழ்கிறதே என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. ராத்திரி தேயிலைச் செடிக்கு அடியில் அது என்ன செய்கிறது என்று யாராவது பார்த்தீர்களா? எலி, ஓணான், வெட்டுக்கிளி என்று மீதிக் கணக்கை அங்கே சரிசெய்துகொள்கிறது. சிறுத்தைக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே அடைத்து வளர்க்கிற பூனைக்கு அந்த வசதி கிடையாது. அது நம் கையை நம்பித்தான் இருக்கிறது.

வீட்டுப் பூனைக்கு 'ஒரே உணவு' தவறாகப் போவது இங்கேதான். எலும்பில்லாக் கோழி மட்டும் போட்டால் கால்சியம் இல்லை. குட்டிப் பூனையின் எலும்பு தானாகவே உடையும். ஈரல் ருசி கண்டு தினமும் ஈரலே போட்டால் வைட்டமின் ஏ அளவுக்கு மீறிச் சேர்ந்து, கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு அது குனிந்து தன் முதுகை நக்கிச் சுத்தம் செய்யவும் முடியாது.

பச்சை மீன் மட்டும் போட்டால்? 1939-இல் இலங்கையிலிருந்து சாதாக் கெண்டையைக் கொண்டுவந்து நீலகிரி நீர்நிலைகளில் விட்டார்கள். இன்றும் ஊட்டிப் பக்கம் அது கிடைக்கிறது. கெண்டை போன்ற சில மீன்களில் தயமினைச் சிதைக்கிற ஒரு நொதி இருக்கிறது. அவற்றைப் பச்சையாகவே தின்றுவந்த பூனைக்குத் தலை மார்பை நோக்கிக் கவிழ்ந்துவிடும், நடை தள்ளாடும். புறாவுக்குத் தலை பின்னால் போயிற்று, பூனைக்கு முன்னால் போகிறது. குறை ஒன்றுதான். குன்னூரில் எந்தச் சத்துக்காக ஆய்வுக்கூடம் திறந்தார்களோ, அதே தயமின்! மீனை வேகவைத்தால் அந்த நொதி அழிந்துவிடும். ஆனால் கோழியோ மீனோ வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். சோறு வடித்த கஞ்சியோடு தயமின் போவதுபோல, இந்தத் தண்ணீரோடு டாரின் போய்விடும்.

அப்படியானால் கடையில் 'முழு உணவு' என்று எழுதி விற்கிற பாக்கெட்டை மட்டும் போட்டால் போதுமா? பெரும்பாலும் போதும். தேவையான சத்தெல்லாம் அளந்து சேர்த்திருப்பார்கள். ஆனால் அந்த அளவு சரிதான் என்று எப்படித் தெரிந்தது? 1980-களில் அமெரிக்காவில், முழு உணவு என்று விற்ற தீனியையே தின்ற பூனைகள் பலவற்றுக்கு இதயம் வீங்கியது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து மருத்துவர்கள் 1987-இல் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். அந்தத் தீனியில் இருந்த டாரின் போதவில்லை. அதன் பிறகுதான் உலகமெங்கும் பூனைத்தீனியில் டாரினைக் கூட்டினார்கள். அதனால்தான் நான் ஒரே கம்பெனியை முழுக்க நம்பாமல் இரண்டு மூன்று வகையை மாற்றி மாற்றிப் போடுகிறவர்கள் கட்சி. நமக்கு இன்னும் தெரியாத குறை ஒன்றில் இருந்தாலும் இன்னொன்று ஈடுகட்டும்.

விதவிதமாகப் போடுவது என்றால் நம் தட்டில் இருப்பதையெல்லாம் போடுவது இல்லை. குழம்பில் வெங்காயமும் பூண்டும் இருக்கின்றன. அவை பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். ஊட்டிக்கு வந்தவர்கள் வாங்கிக் கொடுக்கிற சாக்லேட் அதற்கு விஷம். அதற்கு இனிப்பே தெரியாது என்பது வேறு விஷயம். இனிப்பை உணரும் மரபணு ஒன்று பூனைக்கு வேலை செய்வதில்லை என்று 2005-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். புலிக்கும் அப்படித்தான். வர்க்கி பிஸ்கட் வாங்கி வந்தால் பையைச் சுற்றிச் சுற்றி வருகிறதே என்றால், அது கொழுப்பு வாசனைக்கு வருகிறது.

வகை மாற்றிப் பழக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. அது மலையில் இருப்பவர்களுக்குத்தான் நன்றாகப் புரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்சரிந்து மேட்டுப்பாளையம் சாலை அடைபட்டால் கடையில் வழக்கமான பாக்கெட் வராது. பிறந்ததிலிருந்து ஒரே தீனி தின்ற பூனை வேறு எதையும் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். "பசிச்சா தானா தின்னும்" என்று விட்டுவிடக் கூடாது. பூனை சில நாள் பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். குண்டுப் பூனைக்கு இன்னும் சீக்கிரம்.

இந்தப் பழக்கம் குட்டியிலேயே வருகிறது, அம்மாவைப் பார்த்து. 1978-இல் வெளிவந்த ஒரு சோதனையில் தாய்ப்பூனைகளை வாழைப்பழமும் மசித்த உருளைக்கிழங்கும் தின்னப் பழக்கினார்கள். பக்கத்தில் இறைச்சித் தீனி இருந்தும் குட்டிகள் அம்மாவைப் பார்த்து வாழைப்பழத்தையும் உருளைக்கிழங்கையுமே தின்றன! ஊட்டி உருளைக்கிழங்கு பயிரிடுகிறவர்கள் மகிழ்ச்சியடைய வேண்டாம். பூனைக்கு அது உணவாகாது. குட்டியாக இருக்கும்போதே பல ருசி காட்டிவிட்டால் பின்னால் எளிது என்பதுதான் இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

பெரிய பூனைக்கும் மாற்றலாம், ஒரே நாளில் அல்ல. முதல் நாள் பழைய தீனியோடு புதியது ஒரு ஸ்பூன், அடுத்த நாள் இரண்டு. இப்படி ஒரு வாரத்தில் மாற்றினால் 'வயித்தால போற' வழக்கு வராது. சிறுநீரகக் கோளாறோ வேறு நோயோ உள்ள பூனைக்குக் கால்நடை மருத்துவரைக் கேட்காமல் எதையும் மாற்றக் கூடாது.

பல தீனிகளை வைத்துத் தானே தேர்ந்தெடுக்க விட்டால் பூனை என்ன செய்யும்? 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் இப்படி விட்டுப் பார்த்தார்கள். வெவ்வேறு தீனிகளை வைத்தபோது பூனைகள் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் தின்று, கிடைக்கும் சக்தியில் 52 சதவீதம் புரதத்திலிருந்தும், 36 சதவீதம் கொழுப்பிலிருந்தும், 12 சதவீதம் மாவுச்சத்திலிருந்தும் வரும்படி பார்த்துக்கொண்டன. அதே ஆண்டில் வேறொரு குழு, வெளியில் வேட்டையாடி வாழும் பூனைகளின் உணவைக் கணக்கிட்டது. அங்கேயும் புரதம் 52 சதவீதம்! எடை மெஷினும் இல்லை, சத்துணவுப் பட்டியலும் இல்லை. நாக்கும் மூக்கும் வயிறும் சேர்ந்து கணக்குப் போட்டுவிடுகின்றன.

நீங்களும் செய்து பார்க்கலாம். இரண்டு வகை முழு உணவை இரண்டு தட்டில் வைத்து, எதை முதலில் தின்கிறது, எதில் எவ்வளவு மீதி என்று நோட்டில் எழுதுங்கள். தட்டுகளைத் தினமும் இடம் மாற்றி வையுங்கள். இல்லாவிட்டால் பூனை தீனியைத் தேர்ந்தெடுத்ததா, இடத்தைத் தேர்ந்தெடுத்ததா என்று தெரியாது. தீனியின் சூட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். டிசம்பர் காலையில் ஊட்டியில் தட்டிலிருக்கும் தீனி ஜில்லென்று ஆகி வாசனையே வராது. பூனைக்குப் பிடித்தது அப்போதுதான் பிடித்த எலியின் சூடு. "இந்தத் தீனி அதுக்கு அலுத்துப்போச்சு" என்று வேறு பாக்கெட் வாங்க ஓடுவதற்கு முன்னால், கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் கலந்து வைத்துப் பாருங்கள்.