தம்பியின் தமிழும் அவன் மகளின் தமிழும்

சிங்கப்பூரில் பன்னிரண்டு வயதில் எழுதும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை வீட்டில் பிஎஸ்எல்இ என்றுதான் சொல்வோம். 1996இல் தம்பி அதன் முடிவுத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தான். அதில் டி-ஸ்கோர் என்று ஒரே ஓர் எண். அந்த ஆண்டு தேர்வெழுதிய எல்லாப் பிள்ளைகளோடும் ஒப்பிட்டுப் போட்டது. அந்த எண்ணால் உயர்நிலைப்பள்ளியில் அவனுக்குக் கடைசிப் பிரிவான வழக்கநிலை தொழில்நுட்பப் பிரிவு கிடைத்தது. நான் அதற்கு மேலான விரைவுநிலை. விசாரித்த உறவினர்களிடம் அம்மா பள்ளியின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார்.

தமிழில் அவன் என்னைவிடக் கெட்டிக்காரன். பாட்டிக்குத் தினமும் செய்தித்தாள் வாசித்துக் காட்டியவன். ஆனால் அந்தப் பிரிவில் சேர்ந்தால் அடிப்படைத் தமிழ்தான். பேச்சும் கேட்டலுமே அதில் பெரும்பகுதி. கணக்கில் தடுமாறியவனுக்குத் தமிழும் குறைந்துபோனது. இன்றும் எனக்கு அது ஆறவில்லை.

பிரித்ததற்குக் காரணம் இருந்தது. 1970களில் பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் உயர்நிலை நான்கை எட்டாமலே பள்ளியை விட்டுப்போனார்கள். அப்போதைய துணைப் பிரதமர் கோ கெங் சுவீ தலைமையிலான குழு 1979இல் தந்த அறிக்கை, அவரவர் வேகத்துக்கு ஏற்ற வகுப்பு என்றது. இடையில் நிற்பவர்கள் இன்று நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அதை மறுக்க மாட்டேன். ஆனால் பாடத்தின் வேகத்துக்கு வைத்த பெயர், பிள்ளையின் பெயராகவே ஒட்டிக்கொண்டது.

2021இல் டி-ஸ்கோர் போனது. இப்போது ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 8 வரை தரநிலை. நான்கு பாடங்களையும் கூட்டினால் 4 முதல் 32 வரை வரும். மற்றவர் எடுத்த மதிப்பெண் இந்தத் தரத்தைத் தொடாது. 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களுக்கு விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகளே கிடையாது. 2027இல் எல்லாருக்கும் ஒரே சான்றிதழ்த் தேர்வு.

அந்த முதல் அணியில் தம்பி மகளும் ஒருத்தி. அவளுடைய கால அட்டவணை குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டியிருக்கிறது: கணிதம் ஜி2, அறிவியல் ஜி2, தமிழ் மட்டும் அதைவிட உயர்ந்த நிலையான ஜி3. இசை, ஓவியம், உடற்கல்வி எல்லாம் எல்லா நிலைப் பிள்ளைகளும் கலந்திருக்கும் சொந்த வகுப்பிலேயே. தமிழ் மணி அடித்தால் பையைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்கு ஓட வேண்டும்.

பன்னிரண்டு வயதுத் தேர்வு மட்டும் அப்படியே இருக்கிறது. துணைப்பாட வகுப்புச் செலவும், எந்தப் பள்ளிக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கும் அப்படியே. அதுவும் தளர வேண்டும் என்பேன்.

போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனபோது, மகளின் தமிழ்ப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு தம்பி வாசித்துக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தாமலே சொன்னான்: “இந்தப் பாடமெல்லாம் எங்களுக்கு வரலையே, அக்கா.”