உஷார்! ராத்திரி டி.வி. பார்த்துவிட்டு காலையில் பங்கை விற்காதீர்கள்

2025 மே 8, வியாழக்கிழமை ராத்திரி. உங்களில் பலர் அன்றைக்குத் தூங்கியிருக்க மாட்டீர்கள். பாகிஸ்தானுக்கு எதிரான இந்தியாவின் 'ஆபரேஷன் சிந்தூர்' ராணுவ நடவடிக்கை தொடங்கி இரண்டாவது நாள். ஒரு சேனலில் கராச்சி துறைமுகம் பற்றி எரிந்தது. அடுத்த சேனலுக்குத் தாவினால், இஸ்லாமாபாத் நம் கைக்கு வந்துவிட்டது. இன்னொன்றில் பாகிஸ்தான் ராணுவத் தளபதியைக் கைதே செய்துவிட்டார்கள்! விடிந்து பார்த்தால் துறைமுகம் துறைமுகமாகவே இருந்தது. அந்தத் தளபதியோ மே 20 அன்று ஃபீல்டு மார்ஷலாகப் பதவி உயர்வே பெற்றார்.

'கராச்சி துறைமுகத்தின் எக்ஸ் பக்கத்திலேயே பெரும் சேதம் என்று போட்டிருந்தார்களே' என்பீர்கள். போட்டிருந்தது உண்மை. யாரோ தங்கள் கணக்கை ஹேக் செய்துவிட்டார்கள் என்று அந்த நிர்வாகம் பிறகு விளக்கம் கொடுத்ததும் உண்மை. அந்த விளக்கம் எத்தனை சேனல்களில் 'பிளாஷ்' ஆக ஓடியது என்று கேட்காதீர்கள்.

சரி, டி.வி. புளுகினால் நமக்கென்ன என்று விட்டுவிட முடியாது. அடுத்து நடந்ததைப் பாருங்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை சென்செக்ஸ் 880 புள்ளி இறங்கி 79,454-ல் நின்றது. 'இரண்டு மூன்று நாளைக்கு ஏ.டி.எம். எல்லாம் மூடிக்கிடக்கும்' என்று வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு ஃபார்வர்டு சுற்றியது. மத்திய அரசின் பி.ஐ.பி. உண்மை சரிபார்ப்புப் பிரிவு அது பொய் என்று மறுக்க வேண்டியிருந்தது. 'பெட்ரோல் போதுமான அளவு இருக்கிறது, பதறி வாங்காதீர்கள்' என்று இந்தியன் ஆயில் அறிக்கை விட வேண்டியிருந்தது. சனிக்கிழமை மாலை சண்டை நிறுத்தம். திங்கட்கிழமை சந்தை திறந்ததும் சென்செக்ஸ் பாய்ந்தது. ஒரே நாளில் 2,975 புள்ளி ஏற்றம்! அமெரிக்காவும் சீனாவும் வரிச் சண்டையைத் தற்காலிகமாக நிறுத்த ஒப்புக்கொண்டதும் அதற்கு ஒரு காரணம்தான். ஆனால், ராத்திரி முழுக்க சேனல் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை விற்றவருக்கு எந்தக் காரணமாக இருந்தால் என்ன? சென்செக்ஸ் கணக்குப்படி லட்ச ரூபாய்க்குச் சுமார் 3,700 ரூபாய் கையைவிட்டுப் போனது. அவரைப் பயமுறுத்திய ஆங்கருக்கு ஒரு பைசா நஷ்டமில்லை.

பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். கெட்ட பெயர் வந்தால்? அதே நாட்களில் ஜம்மு-காஷ்மீரின் பூஞ்ச் பகுதியில் ஒரு மதரஸா ஆசிரியர் எல்லை தாண்டி வந்த குண்டுக்குப் பலியானார். சில சேனல்கள் அவரையே 'கொல்லப்பட்ட பயங்கரவாதி' என்று படம் போட்டுக் காட்டின. பூஞ்ச் போலீஸ், அது பொய் என்று அறிக்கை விட்டது. சாவு வீட்டில் உட்கார்ந்துகொண்டு 'எங்கள் ஆள் பயங்கரவாதி இல்லை' என்று நிரூபிக்க வேண்டிய நிலைமை யாருக்கும் வரக்கூடாது.

போர்ச் செய்தியில் எதைக் கண்டால் உஷாராக வேண்டும்? முதலில், சைரன். ஸ்டூடியோவுக்குள் எந்த விமானமும் குண்டு போடப்போவதில்லை, ஆனாலும் அலறவிட்டார்கள். நிகழ்ச்சிகளில் வான்தாக்குதல் எச்சரிக்கை சைரனைப் பயன்படுத்தாதீர்கள், நிஜமாகவே ஒலிக்கும்போது மக்கள் அலட்சியமாக இருந்துவிடுவார்கள் என்று உள்துறை அமைச்சகத்தின் கீழ் வரும் சிவில் பாதுகாப்பு இயக்குநரகம் சொல்ல வேண்டியதாயிற்று. அடுத்து, கேள்விக்குறி. 'சிக்கினாரா தளபதி?' என்று போட்டால், சிக்கியதாக அவர்களுக்கே தெரியாது என்று அர்த்தம். 'வட்டாரங்கள் தெரிவிக்கின்றன' என்றால், எந்த வட்டாரம் என்று கேளுங்கள். எந்த ஊர், எந்த நாள், யார் எடுத்தது என்று சொல்லாமல் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டினால், அது வீடியோ கேமாகக்கூட இருக்கலாம். கேலி இல்லை. 'ஆர்மா 3' என்ற கேமின் காட்சிகள் பல போர்களில் நிஜம் போல வலம் வந்திருக்கின்றன.

பொருளாதாரச் செய்தியில் பயமுறுத்தும் வித்தை வேறு. 'சென்செக்ஸ் 1,000 புள்ளி சரிவு... ரத்தக்களரி!' என்று சிவப்பில் போடுவார்கள். சென்செக்ஸ் 80,000-ல் இருக்கும்போது 1,000 புள்ளி என்பது 1.25 சதவிகிதம். 2008 ஜனவரி 21 அன்று 1,408 புள்ளி இறங்கியதே, அது 7.4 சதவிகிதம். அதுதான் அடி. ஆகவே புள்ளியை விடுங்கள், சதவிகிதத்தைப் பாருங்கள். 'முதலீட்டாளர்களின் பல லட்சம் கோடி ரூபாய் காலி' என்பதும் அப்படியே. ஒவ்வொரு பங்கின் விலை இறக்கத்தையும் அந்த நிறுவனத்தின் மொத்தப் பங்குகளால் பெருக்கிக் கூட்டினால் வரும் கணக்கு அது. அன்றைக்குக் கைமாறியது அதில் சொற்பம்தான். விற்காதவருக்கு அது தாளில் குறைந்த தொகை மட்டுமே.

பயமுறுத்துவது ஒரு பக்கம் என்றால், தூங்கவைப்பது இன்னும் ஆபத்து. 2008 மார்ச்சில் அமெரிக்க டி.வி.யின் ஜிம் கிரேமர், 'பேர் ஸ்டெர்ன்ஸுக்கு ஒன்றும் ஆகாது' என்று அடித்துச் சொன்னார். ஒரு வாரம்கூட ஆகவில்லை. பங்கு ஒன்றுக்கு 2 டாலர் என்ற விலைக்கு அந்த முதலீட்டு வங்கியை ஜே.பி. மார்கன் வாங்குவதாக அறிவிப்பு வந்தது (பிறகு அதை 10 டாலராக உயர்த்தினார்கள்). அங்கே கணக்கு வைத்திருப்பவர்களின் பணத்தைப் பற்றித்தான் பேசினேன், பங்கைப் பற்றி அல்ல என்று கிரேமர் பின்னால் விளக்கினார். பார்த்தவர்களுக்கு அந்த வித்தியாசம் எங்கே புரிந்திருக்கும்? பழைய செய்தியும் பொய்ச் செய்தியும்கூட ஏமாற்றும். அதே ஆண்டு செப்டம்பர் 8 அன்று, யுனைட்டெட் ஏர்லைன்ஸ் திவால் என்ற 2002-ம் ஆண்டுச் செய்தி எப்படியோ இணையத்தில் புதுச் செய்தி போல மேலே வந்துவிட்டது. சில நிமிடங்களில் சுமார் 12 டாலர் பங்கு 3 டாலர் வரை விழுந்தது. தேதியைப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை! 2013-ல் அசோசியேட்டட் பிரஸ்ஸின் ட்விட்டர் கணக்கை ஹேக் செய்து, வெள்ளை மாளிகையில் குண்டு வெடித்ததாக ஒரு வரி போட்டார்கள். அமெரிக்கப் பங்குச் சந்தைக் குறியீடான டோ ஜோன்ஸ் கிட்டத்தட்ட 140 புள்ளி சரிந்து, சில நிமிடங்களில் மீண்டது. தலைப்பைப் படித்து விற்கும் வேலையைக் கம்ப்யூட்டர்களும் செய்கின்றன. அவற்றோடு ஓடி நாம் ஜெயிக்க முடியாது.

நம் ஊர்க் கதையும் உண்டு. இந்தி வணிக சேனல் ஒன்றில் பங்குப் பரிந்துரை செய்ய வந்த சில விருந்தினர்கள், தாங்கள் சொல்லப்போவதை ஒளிபரப்புக்கு முன்பே வேண்டியவர்களுக்குச் சொல்லி வாங்கவைத்தார்கள் என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி குற்றம்சாட்டியது. 7.41 கோடி ரூபாயை முடக்கி 2024 பிப்ரவரியில் இடைக்கால உத்தரவும் போட்டது. டி.வி.யில் 'வாங்குங்கள்' என்று கேட்டு நாம் ஓடும்போது, நமக்கு விற்கக் காத்திருந்தவர்கள் அந்த வேண்டியவர்கள்தான் என்பது செபி சொல்லும் கதை.

அடுத்த சண்டை எப்போது, எங்கே மூளும் என்று நமக்குத் தெரியாது. அன்றைக்கு ராத்திரியும் சைரன் அலறும், திரை சிவக்கும். விற்கலாமா, ஏ.டி.எம். வரிசைக்கு ஓடலாமா என்று கை பரபரத்தால், டி.வி.யை மியூட்டில் போட்டுவிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். சத்தம் போனபின் அதில் எவ்வளவு செய்தி மிச்சமிருக்கிறது என்று எண்ணுங்கள். பிறகு போய்ப் படுங்கள். சந்தை காலை 9.15-க்குத்தான் திறக்கும்.