சிட்டுக்குருவியின் இரட்டைக் கூரை

இடப்பக்கம் கூட்டைவிட்டுப் புதிதாக வெளிவந்த சிட்டுக்குருவிக் குஞ்சின் மண்டையோடு. வலப்பக்கம் வளர்ந்த குருவியுடையது. அளவில் பெரிய வித்தியாசமில்லை. உச்சியைப் பாருங்கள்.

குஞ்சுக்கு அங்கே எலும்பு ஒற்றை அடுக்குதான். அதனடியில் இரண்டாம் அடுக்கு பின்மண்டையிலிருந்து முன்னோக்கி மெல்லப் படர்கிறது. இரண்டுக்கும் நடுவே காற்று. தாங்கி நிற்பவை நுண்ணிய எலும்புத் தூண்கள். வலப்பக்க ஓட்டின் வெள்ளைப் புள்ளிகள் அவைதாம். வேலை முடிய ஆறேழு மாதம் பிடிக்கும்.

காலில் வளையமிடும் ஆய்வாளர்கள் தலையிறகை ஈரவிரலால் விலக்கி, மெல்லிய தோலினூடே இதைப் பார்த்து வயதைக் கணிக்கிறார்கள். ஒற்றை அடுக்குள்ள இடம் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் இளங்குருவி. கூரை முழுமையானபின் இந்த உத்தி செல்லாது: ஓராண்டுக் குருவிக்கும் ஐந்தாண்டுக் குருவிக்கும் உச்சி ஒன்றுபோலவே இருக்கும்.