மண்ணீரலில் முளைத்த மேடுகள்

1960-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கனடாவின் டொராண்டோ நகர ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் எலிகளை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவர் எர்னஸ்ட் மெக்குல்லக்கின் கண்ணில், அவற்றின் மண்ணீரலில் சின்னச் சின்ன மேடுகள் பட்டன. கதிர்வீச்சால் ரத்தம் ஊறுவதே நின்றுபோன எலிகள் அவை. பத்து நாள் முன்புதான் வேறு எலிகளின் எலும்பு மஜ்ஜையை அவற்றுக்கு ஊசியில் ஏற்றியிருந்தார்கள். மேடுகளை எண்ணினார். ஏற்றிய மஜ்ஜை கூடக்கூட மேடுகளும் அதே கணக்கில் கூடியிருந்தன.

இயற்பியலாளர் ஜேம்ஸ் டில்லும் அவரும் 1961-இல் இதை வெளியிட்டார்கள். ஒவ்வொரு மேடும் ஒற்றைச் செல்லின் வாரிசு என்பது 1963-இல் உறுதிப்பட்டது. ஒரே மேட்டுக்குள் சிவப்பணுவின் வரிசையும் இருந்தது, வெள்ளையணுவின் வரிசையும் இருந்தது. சில மேடுகளைக் கரைத்து இன்னோர் எலிக்கு ஏற்றியபோது அங்கேயும் புது மேடுகள் முளைத்தன. தன்னைப்போல் இன்னொன்றை உண்டாக்கும், வேறொன்றாகவும் மாறும்: ஸ்டெம் செல்லுக்கு இன்றுவரை இந்த இரண்டும்தான் இலக்கணம்.

அன்று அதை நேரில் அடையாளம் கண்டவர் இல்லை. அது விட்டுச்சென்ற தடயத்தைத்தான் எண்ண முடிந்தது. இன்று ‘சிடி34’ என்ற புரதத்தை மேலே தாங்கிய செல்களுக்கு ஒளிரும் சாயம் ஏற்றி, லேசர் வெளிச்சத்தில் தனியே பிரித்துவிடுகிறார்கள்.

உள்ளே நடப்பதும் இன்று ஓரளவு தெரியும். விதைநெல்லை எடுத்துவைத்துவிட்டு மீதியை உலையில் போடும் வீடு போலத்தான் மஜ்ஜை. சில செல்கள் அக்கம்பக்கத்துச் செல்கள் தரும் சமிக்ஞையில் அப்படியே தங்கும். மற்றவை வேலைக்குக் கிளம்பும். மரபணுத் தொகுப்பு இரண்டிலும் ஒன்றே. எந்த மரபணு திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். சிவப்பணுவாகப் போகும் செல்லில் ‘காட்டா1’ என்ற மரபணு முழுவீச்சில் இயங்கும். சிறுநீரகம் அனுப்பும் எரித்ரோபாய்ட்டின் அதைப் பிழைக்கவைத்துப் பெருக்கும். கடைசியில் தன் உட்கருவையே வெளியே தள்ளிவிட்டு, 120 நாள் ஆயுளோடு ரத்தத்தில் இறங்கும். இப்படி நொடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்கள் இறங்குகின்றன.

கிளம்பிய செல் திரும்பாது என்றுதான் வெகுகாலம் பாடம் நடத்தினார்கள். 2006-இல் கியோட்டோவில் ஷின்யா யமனாகாவும் கசுதோஷி தகஹாஷியும் 24 மரபணுக்களில் தொடங்கி, ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்து, 4 இருந்தாலே எலியின் தோல் செல் பழைய நிலைக்குத் திரும்பும் என்று காட்டினார்கள். பெரிய வித்தைதான். ஆனால் அதைக் காட்டி மூட்டுவலி முதல் ஆட்டிசம் வரை எல்லாவற்றுக்கும் ‘ஸ்டெம் செல் ஊசி’ விற்கிறவர்களிடம் ஏமாறாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலில், வழக்கமான சிகிச்சையாக ஏற்கப்பட்டிருப்பது ரத்தநோய் போன்றவற்றுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்று மட்டுமே.

அது மெய்யான சாதனை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1986-இல் மஜ்ஜை மாற்றைத் தொடங்கியபோது, தானம் தருபவரை மயக்கத்தில் கிடத்தி இடுப்பெலும்பில் திரும்பத் திரும்ப ஊசி குத்தித்தான் மஜ்ஜையை உறிஞ்ச வேண்டியிருந்தது. இன்று பெரும்பாலும் அது வேண்டாம். சில நாள் ஊசி போட்டு ஸ்டெம் செல்களை ரத்தத்துக்கு இறக்கி, கையில் குழாய் மாட்டி, சில மணி நேரத்தில் இயந்திரம் பிரித்தெடுத்துக்கொள்ளும்.

மாறாதது, தருபவரின் திசு பெறுபவரோடு பொருந்த வேண்டும் என்பது. உடன்பிறந்தவர் ஒருவரோடு முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான். அமையாதவர்கள் பலர் வெளியாரைத் தேட வேண்டியிருக்கிறது. அந்தப் பொருத்தமும் பெரும்பாலும் ஒரே வம்சாவளியினரிடையே கிடைப்பது. தமிழ் நோயாளிக்கு ஜெர்மனிப் பதிவேட்டைவிட நம் ஊர்ப் பதிவேடு உதவ வாய்ப்பு அதிகம். சென்னையில் ‘தாத்ரி’ பதிவேடு 2009 முதல் இயங்குகிறது. பஞ்சுக்குச்சியால் கன்னத்தின் உட்புறத்தைத் தடவிக் கொடுத்தால் பதிவாகிவிடும். உடல்நலமுள்ள இளைஞர்கள் பெயரைக் கொடுத்து வையுங்கள்.