ஆவணி முதல் தை வரை ஆறு புத்தகங்கள்

படிக்க ஆசை இல்லாத தமிழர் மும்பையில் குறைவு. "நேரம் எங்கே சார்?" என்று கேட்காதவர் அதைவிடக் குறைவு. கம்பெனி ஷிப்டு, ஆபீஸ் ரிஜிஸ்தர், தண்ணீர்க் குழாய், லோக்கல் ரெயில் என்று நாள் ஓடிவிடுகிறது.

இதனால் நஷ்டம் நமக்குத்தான். நாள் முழுவதும் நம் கண்ணில் படுவது இங்கிலீஷ் பாரங்களும் இந்திப் பலகைகளும். ஊரில் பத்து வருஷம் தமிழில் படித்து வந்தவருக்குக்கூட வாசிப்பு மெல்ல மந்தமாகிவிடுகிறது. இங்கே பிறந்த பிள்ளைகள் நிலைமை இன்னும் மோசம். ஊரிலிருந்து கல்யாணப் பத்திரிகை வந்தால், "யாருக்குக் கல்யாணம்?" என்று அப்பாவிடம் கேட்கிறார்கள். பத்திரிகை அவர்கள் கையில்தான் இருக்கிறது!

இதற்குப் பெரிய நூலகம் வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒரு சின்னப் பட்டியல் போதும்.

ரெயில்வே கணக்கு

கல்யாணிலிருந்து சி.எஸ்.எம்.டி. சுமார் 54 கிலோமீட்டர். விரைவு லோக்கலிலும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. அதே பெட்டியில் பஜனை பாடுகிறவர்களும் சீட்டாடுகிறவர்களும் நேரம் கண்டுபிடித்துவிடுகிறார்கள். போகும்போது பத்துப் பக்கம், வரும்போது பத்துப் பக்கம் என்று வையுங்கள். மாதம் 25 வேலை நாளில் 500 பக்கம். கூட்டமும் தூக்கமும் பாதியைத் தின்றாலும் 250 பக்கம் மிச்சம். மாதம் ஒரு நடுத்தர நாவலுக்கு அது போதும்.

பட்டியல் போடும்போது பலர் 'பொன்னியின் செல்வ'னை முதலில் எழுதிவிடுகிறார்கள். நல்ல நாவல்தான். ஆனால் ஐந்து பாகம், இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல். பழக்கம் விட்டுப்போனவர் பாதியில் நின்றுவிட வாய்ப்பு அதிகம். அதை அடுத்த அரையாண்டுக்கு வைத்துக்கொள்ளலாம். முதலில், நம்மைப் போல ஊரை விட்டுப் பிழைக்கப் போனவர்கள் நடமாடும் புத்தகங்களாகப் பொறுக்குங்கள். கதை நம் கதையாக இருந்தால் பக்கம் தானாகப் புரளும்.

மாதம் ஒன்று

ஆவணியில் புதுமைப்பித்தன் சிறுகதைகள். தினம் ஒரு கதை. 'செல்லம்மாள்' கதையில் வரும் பிரமநாயகம் பிள்ளை, திருநெல்வேலிச் சீமையை விட்டுச் சென்னை ஜவுளிக்கடையில் உழைக்கிறவர். ஊருக்குப் போக வேண்டும் என்ற ஆசை நிறைவேறாமலே மனைவி கண்ணை மூடுகிறாள். மாதச் சம்பளக்காரர் யாரும் இதைச் சும்மா படித்துவிட்டுப் போக முடியாது.

புரட்டாசியில் நாஞ்சில் நாடனின் 'மிதவை'. குமரி மாவட்டத்துப் பட்டதாரி ஒருவன் வேலை தேடி பம்பாய்வரை வரும் கதை. எழுதியவரும் இந்த நகரத்தில் வேலை பார்த்தவர். புத்தகம் சிறிது, நின்றுகொண்டும் படிக்கலாம்.

ஐப்பசியில் அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' (1977). செகந்திராபாத்தில் ரெயில்வே ஊழியர் வீட்டுத் தமிழ்ப் பையன் கதாநாயகன். 1948-ல் ஐதராபாத் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த அந்தக் கொந்தளிப்பில், அயலூர்க்காரன் மனம் படும் பாட்டை இதில் காணலாம்.

கார்த்திகையில் 'யயாதி'. மராத்தியில் வி.ஸ. காண்டேகர் எழுதி, கா.ஸ்ரீ.ஸ்ரீ. தமிழில் தந்தது. காண்டேகருக்கு ஞானபீடப் பரிசு கிடைத்தது 1974-ல். நாம் சோறு தின்னும் மண்ணின் இலக்கியத்தையும் அறிந்திருக்க வேண்டாமா? பருமனான புத்தகம்; மார்கழி முதல் வாரம்வரை நீண்டால் பாதகமில்லை.

மார்கழியில் கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976). தெலுங்கு பேசும் குடும்பங்கள் உயிருக்குப் பயந்து தெற்கே வந்து, கரிசல் காட்டைத் திருத்திக் குடியேறிய வரலாறு. நாம் தாராவிக்கு வந்தது போல, நம் ஊருக்கும் ஒரு காலத்தில் வந்தவர்கள் உண்டு.

தையில் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972). இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மெடானிலும் பினாங்கிலும் வாழ்ந்த தமிழர்களின் கதை. கொஞ்சம் கடினம், ஆனால் ஐந்து மாதப் பழக்கம் அப்போது கைகொடுக்கும்.

செலவைப் பங்கு போடுங்கள்

ஆபீசில் மூன்று நண்பர்கள் சேர்ந்தால், ஆளுக்கு இரண்டு புத்தகம் வாங்கிச் சுற்றில் விடலாம். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் சென்னைப் புத்தகக் காட்சிக்கு ஒரு நடை போய் வரட்டும். வழக்கமாகப் பத்து சதவிகிதம் தள்ளுபடி உண்டு. புதுமைப்பித்தன் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் அவர் கதைகளைக் காசில்லாமல் கைபேசியிலேயே படிக்கலாம்.

ஒரு நாற்பது பக்க நோட்டில் புத்தகத்தின் பெயர், தொடங்கிய தேதி, முடித்த தேதி, மனதில் நின்றது ஒரு வரி என்று எழுதி வாருங்கள். ஐம்பது பக்கம் தாண்டியும் ஒரு புத்தகம் ஒட்டவில்லையா? வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். பரீட்சை யாரும் வைக்கப் போவதில்லை.

பட்டியலில் ஏழாவதாக ஒன்று, பிள்ளைகளுக்கு: அழ. வள்ளியப்பாவின் 'மலரும் உள்ளம்'. வங்கி உத்தியோகம் பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்குப் பாட்டு எழுதியவர் அவர். ஞாயிறுதோறும் ஒரு பாட்டு. நீங்கள் ஒரு வரி, பிள்ளை ஒரு வரி. அடுத்த கல்யாணப் பத்திரிகை வரும்போது அதைப் பிள்ளையே படித்துச் சொல்லட்டும்.