வலையுலகின் ஏற்றமும் இறக்கமும் – 9: கடலுக்கு அப்பால் இட்ட பூட்டு

யாஹூ மெசஞ்சர் 2018 ஜூலை 17ஆம் திகதி மூடப்பட்ட விருத்தாந்தத்தைச் சென்ற வாரம் சொல்லி நிறுத்தியிருந்தோம். அதன் இடத்தைப் பிடித்த ஸ்கைப்பும் 2025 மே 5ஆம் திகதி மறைந்துவிட்டது. 2003இல் ஒரு சுவீடன்காரரும் ஒரு டென்மார்க்காரரும் எஸ்தோனிய நிபுணர்களின் துணைகொண்டு ஆரம்பித்து, 2011இல் மைக்ரோசொஃப்ட் 850 கோடி டொலருக்கு வாங்கிய அந்தச் சேவையின் உதயத்தையும் அஸ்தமனத்தையும் உலகப் பத்திரிகைகள் விஸ்தாரமாகவே எழுதின. எனினும் மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கிலும், எழுவான்கரை என்றும் படுவான்கரை என்றும் நாம் வழங்கும் ஊர்களிலே, அது வந்ததற்கும் போனதற்கும் இருந்த காரணங்கள் அப்பத்திரிகைகளின் கண்ணுக்கு எட்டாதவை.

வீட்டுப் பணிப்பெண்ணாகவோ சாரதியாகவோ சவூதிக்கும் குவைத்துக்கும் கட்டாருக்கும் போனவர் ஒருவரேனும் இல்லாத கிராமம் இப்பிரதேசத்தில் அபூர்வம். ஒலிநாடாவில் பேசிப் பதிந்து ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்பிய காலமும், கொமினிகேஷன் கடையில் நிமிடத்துக்கு இவ்வளவென்று காசு கொடுத்து அவசர அவசரமாகக் க்ஷேமம் விசாரித்த காலமும் கடந்த பின்னர், பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசும் பாக்கியத்தைப் பலருக்குத் தந்தது ஸ்கைப்பே. ஆயினும் அதற்குக் கணினி வேண்டும், கணக்குப் பெயர் வேண்டும், கடவுச்சொல் வேண்டும். மின்னஞ்சல் என்பதையே அறியாத தாய்மாருக்கு இவற்றையெல்லாம் உண்டாக்கிக் கொடுத்து, தானே ஞாபகமும் வைத்திருந்தவன் நெற் கபேப் பையன். (குடும்ப இரகசியங்கள் அவனுக்குத் தெரிந்த அளவு விதானையாருக்கும் தெரிந்திரா.) 2010இன் இறுதியில் பிறந்த வைபர் இந்தத் தொல்லை முழுவதையும் ஒழித்து, தொலைபேசி இலக்கத்தையே கணக்காக ஆக்கியது. கைத்தொலைபேசி மலிந்தபோது நெற் கபேயின் ஜீவனமும் ஸ்கைப்பின் ஜீவனமும் சேர்ந்தே குன்றின.

அதற்குப் பின் நடந்ததே விசித்திரம். 2013 ஜூனில் சவூதி அரசு வைபரைத் தன் நாட்டில் முடக்கிற்று. காத்தான்குடியிலோ வவுணதீவிலோ இருந்த வைபருக்கு ஒரு குறையும் நேரவில்லை. ஆனால் மறுமுனையில் மகள் இல்லாத செயலியால் தாய்க்கு என்ன பிரயோசனம்? எந்தச் செயலி அங்கே ஓடுகிறதோ அதுவே இங்கேயும் இறங்கியது. மந்தமான இணைப்பிலும் ஒருவாறு முகங்காட்டிய இமோ பிரபலமடைந்தது. அமீரகத்திலோ, 2018இன் தொடக்கத்தில், மாதக் கட்டணம் செலுத்துவோருக்கு மட்டும் போட்டிம் என்ற செயலிக்கு அனுமதி கிடைத்தது. அங்கே தொழில் பார்ப்போரின் வீடுகளில் அப்பெயர் பழகலாயிற்று. ஒரு சேவை உயர்வதும் தாழ்வதும் ஜனங்களின் ரசனையால் என்று பொருளியலார் எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. படுவான்கரைத் தாயின் கைத்தொலைபேசியில் எது இருக்கவேண்டுமென்று ரியாத்தும் அபுதாபியும் அல்லவா தீர்மானித்தன!

நம் நாட்டிலும் தடைகள் வந்தன. 2018 மார்ச்சில் திகனக் கலவரத்தின்போதும், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயமும் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்கு இலக்கான 2019 ஏப்ரல் 21ஆம் திகதியை அடுத்தும், பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் யாவும் முடக்கப்பட்டன. அத்தடைகள் சில தினங்களே நீடித்தபடியால், வீபிஎன் போட்டுச் சமாளித்தவர்கள் போக எஞ்சியோர் பொறுத்திருந்து பழையபடி திரும்பினார்கள். எந்தச் செயலியும் அதனால் அழியவில்லை. சவூதி அரசு தடைகளைத் தளர்த்தத் தொடங்கியதோ 2017 செப்டெம்பரில். நான்கு வருஷத்துக்கு மேல் அடைத்த பாதையில் மீண்டும் நடக்க ஒருவரும் ஆசைப்படவில்லை. அதற்குள் எல்லோரும் வேறிடத்தில் கூடிவிட்டார்கள்.

புறப்படும் பெண்களுக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் நடத்தும் பயிற்சியிலே, போகிற நாட்டில் எந்தச் செயலி இயங்கும், எது தடை, தடையை மீறினால் என்ன தண்டனை என்பவற்றுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கப்படுவது அவசியம். வீட்டாரும் விமான நிலையத்துக்குப் புறப்படும் முன்பே அதைக் கேட்டறிந்து, தம் தொலைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளட்டும்.